பிரேமலதாவின் கடைசி மெயில்

நகரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சென்னைக்கு ரயிலேறிய பெண்களில் பெரும்பாலோர் தையல் மிஷின் வேலைக்குப் போனவர்கள். பிரேமலதா இங்கிலீஷ் பேசப் போனாள். அதற்காகவே காலனியில் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "பேசறதுக்கு எவனாச்சும் சம்பளம் குடுப்பானா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் அப்பா ஏகாம்பரம், "எம் பொண்ணு பேசனா குடுப்பான்" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பார்.

ஏகாம்பரத்தின் அப்பனுக்கு நிலம் கிடையாது. ஏகாம்பரத்துக்கு அரசாங்கம் பட்டா கொடுத்த ஒரு துண்டு மேட்டு நிலம் இருந்தது. மழை பெய்த வருஷம் வேர்க்கடலை போடுவார். மாங்காய் சீசன் வந்துவிட்டால் சித்தூருக்குப் போய்விடுவார். மாம்பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஃபேக்டரி ஒன்றில் லாரி இறக்குகிற வேலை. அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். சீசன் முடிந்து அவர் திரும்பி வரும்போது சட்டையில் பழவாடை புளித்துப்போய் அடிக்கும். பிரேமலதா மாம்பழம் தின்ன மாட்டாள்.

அவளுக்கு அம்பத்தூரில் வேலை. இணையத்தில் கடை வைக்க நினைக்கிறவர்களுக்கு இடமும் பெயரும் விற்கிற கம்பெனி அது. டொமைன் என்பது அந்தப் பெயர்தான். வருஷத்துக்கு ஒருமுறை சின்னத் தொகை கட்டினால் பெயர் நம்முடையது. கட்டாமல் விட்டால் போய்விடும். ஒருநாள் ஃபோனில் ஒரு வெள்ளைக்காரர், தான் கட்ட மறந்த பெயரை வேறொருவன் எடுத்துக்கொண்டு நூறு மடங்கு விலை சொல்கிறான் என்று அழாத குறையாகப் பேசினார். பிரேமலதா விதிப்படி சொல்ல வேண்டிய ஆறுதலையெல்லாம் சொன்னாள். ஃபோனை வைத்ததும் அவளுக்கு அந்த வெள்ளைக்காரர் மேல் இரக்கம் வரவில்லை. அந்த வேறொருவனைப் பற்றித்தான் யோசித்தாள். நிலம் வேண்டாம், கடை வேண்டாம், சிபாரிசு வேண்டாம். நல்ல பெயர் ஒன்றை முதலில் நினைத்தவனுக்கே அது சொந்தம். அவள் வீட்டில் யாருக்கும் எதுவும் அப்படிச் சொந்தமானதில்லை.

கல்யாணமாகி சத்தியவேட்டுக்கு வந்தாள். புருஷன் சிரஞ்சீவிக்கு ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. குழந்தை பிறந்த பிறகு அம்பத்தூருக்குப் போய்வர முடியவில்லை. வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் வாங்கினாள், பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினாள், பெயர் வியாபாரம் ஆரம்பித்தாள்.

அடுத்தவன் கம்பெனிப் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிற வேலை அவளுக்குப் பிடிக்காது. பொதுப் பெயர்கள்தான். திருப்பதியில் ரூம் தேடுகிறவன் எதை அடிப்பான், காளஹஸ்தியில் கலம்காரித் துணி தேடுகிறவன் எதை அடிப்பான் என்று யோசித்து யோசித்து எடுத்தாள். வாங்குவது சுலபம். விற்பதற்கு, யாருக்கு உபயோகப்படுமோ அவர்களைத் தேடிப் பிடித்து மெயில் எழுத வேண்டும். எழுதினால் பதில் வராது. மறுபடி எழுத வேண்டும். தொழிலே அந்த மறுபடியில்தான் இருக்கிறது.

அதை ஒரு வித்தையாகவே கற்றுக்கொண்டாள். முதல் மெயில் சின்னதாக இருக்க வேண்டும், விலை சொல்லக் கூடாது. இரண்டாவதில் கோபமோ கெஞ்சலோ தெரியக் கூடாது. "வேலை மும்முரத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள்" என்று தப்பை நாமே அவர்களுக்காக மன்னித்துவிட வேண்டும். மூன்றாவதில் புதிதாக ஒரு தகவல். எல்லாவற்றுக்கும் அசையாதவர்களுக்குக் கடைசி மெயில்: "உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன், இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்." எத்தனையோ நாள் வாய் திறக்காதவன் அந்தக் கடைசி மெயிலுக்கு வாய் திறப்பான். திருப்பதி ரூம் பெயர் ஒன்றை பெங்களூர் டிராவல்ஸ்காரர் ஒருவர் அப்படித்தான் வாங்கினார். அந்தக் காசில் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது. சிரஞ்சீவி தெருவில் எல்லாரிடமும், "எம் பொண்டாட்டி பேரு வித்து வாங்கனது" என்று சொன்னான். கேட்டவர்கள் என்னவோ ஏதோ என்று முழித்தார்கள்.

மெயிலில் அவள் போட்ட கையெழுத்து 'பிரேம்'. ஆம்பளைப் பெயருக்குப் பதில் அதிகம் வருகிறது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டிருந்தாள்.

அவளிடம் இருந்ததிலேயே நல்ல பெயர் சித்தூர், மேங்கோ, கூழுக்கு இங்கிலீஷில் சொல்கிற பல்ப், மூன்றையும் சேர்த்து எழுதி டாட்காம் போட்டது. துபாயில் கூழ் வாங்க நினைக்கிறவன் வேறு எதைத் தேடுவான்? அது யாரும் எடுக்காமல் கிடந்ததைப் பார்த்த அன்றே பணம் கட்டி எடுத்துவிட்டாள். எடுத்ததும் சித்தூரில் இருக்கிற ஃபேக்டரிகளுக்கெல்லாம் எழுதினாள். ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒரு கம்பெனியைத் தவிர. அப்பா லாரி இறக்கிய அதே கம்பெனியிலிருந்து எக்ஸ்போர்ட் மேனேஜர் வரதராஜன் ஒரே வரி போட்டார்: 'கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்.'

அந்த ஒரு வரிக்காக அவள் மூன்று வருஷம் எழுதினாள். சீசனுக்கு முன்னால் ஒன்று, சீசன் முடிந்ததும் ஒன்று, வெளிநாட்டுக் கண்காட்சி ஏதாவது நடந்தால் அதைச் சாக்காக வைத்து ஒன்று. ஒன்றுக்கும் பதிலில்லை. ஃபோன் செய்தால் சார் மீட்டிங்கில் இருந்தார்.

"பதிலே போடாதவங்கிட்ட எத்தினி வாட்டிதான் கேட்டுக்கினு இருப்ப?" என்றான் சிரஞ்சீவி. "வேணான்றத அந்தாளு வேற எப்படிச் சொல்வான்?"

"வேணாம்னா வேணாம்னு போடலாம் இல்ல? ஒரு வார்த்த. போடலியே. அப்பன்னா மனசுல இருக்குது."

"உம் மனசுல இருக்குது."

ஒரு தை மாசம், குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு சித்தூருக்கு பஸ் ஏறினாள். கேட்டில் வாட்ச்மேனிடம் 'பிரேம்' என்று எழுதிக் கொடுத்தாள். உடனே உள்ளே கூப்பிட்டார்கள். வரதராஜன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "கூர்ச்சோண்டி, கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் மரியாதையாக உட்காரச் சொன்னார். டீ வந்தது.

"பிரேம்னா யாரோ பெங்களூர்ப் பையன்னு நெனச்சேன்மா. உங்க இங்கிலீஷ் அப்படி. எந்த ஊர் நீங்க?"

ஊரைச் சொன்னாள். அங்கே யார் வீடு என்று கேட்டார். பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. "எங்க நைனா இங்கதான் சார், சீசனுக்கு லோடு எறக்க வருவாரு. ஏகாம்பரம்னு."

"அட, ஏகாம்பரம் பொண்ணா நீ!"

அவர் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. அதைப் பிரேமலதா எப்போதும் ஒப்புக்கொள்வாள். ஆனால் நாற்காலியில் அவர் சாய்ந்த விதம் மாறிவிட்டது. தெலுங்கும் போய்விட்டது, 'நீங்க'வும் போய்விட்டது. "நல்லாப் படிக்க வச்சிருக்கான் உங்கப்பன். இங்கயே ஆபீஸ்ல டேட்டா என்ட்ரிக்கு ஆள் தேடிக்கினு இருக்கோம், வந்துடேன். எதுக்கு இந்தப் பேர் விக்கிற வேலையெல்லாம்?"

"வேலைக்கு வரல சார். அந்தப் பேரு விஷயமாத்தான் வந்தேன்."

"சரி, சொல்லு. அது எங்களுக்கு எதுக்கு?"

சொன்னாள். வாங்குகிறவனுக்குப் புரியவைப்பது பாதி வியாபாரம் என்று நம்புகிறவள் அவள். அவர் இடையிடையே நல்ல நல்ல கேள்விகள் கேட்டார். வருஷா வருஷம் கட்ட வேண்டுமா? கட்டாவிட்டால்? உடனே போய்விடுமா? "உடனே போவாது சார். கெடு முடிஞ்சப்புறம் கொஞ்ச நாள் எடுத்தவங்க பேர்லயே நிக்கும். அதுக்கப்புறம் பொதுவுல விட்டுடுவாங்க. யாரு மொதல்ல எடுக்கறாங்களோ அவங்களுது." அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். மூன்று வருஷத்தில் அவள் சொல்வதை ஒருவர் அத்தனை கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. விலை கேட்டார், சொன்னாள். "முதலாளிகிட்ட பேசிட்டு மெயில் போடறேன்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு 'நீ' என்றதுகூட உறுத்தவில்லை.

மெயில் வரவில்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. அந்த வருஷப் பணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் தன்னிடமிருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "இந்த மாத முடிவில் இந்தப் பெயரின் கெடு முடிகிறது. உங்களிடமிருந்து பதில் இல்லையென்றால் நான் இதைப் புதுப்பிக்கப் போவதில்லை. இதுவே என் கடைசி மெயில்." தேதியையும் போட்டாள். தேதி போட்டால்தான் அவசரம் பிறக்கும்.

பெங்களூர்க்காரர் அரை நாளில் பதில் போட்டிருந்தார். சித்தூரிலிருந்து ஒன்றும் வரவில்லை.

கெடு நாளன்று சிரஞ்சீவி வீட்டில்தான் இருந்தான். "கட்டணும்னா கட்டிக்கோ, நான் ஒண்ணும் சொல்லல" என்றான். நிஜமாகவே அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் சலித்துவிட்டது. மெயில் பெட்டியில் அந்த ஒரு பெயருக்காக அனுப்பியதையெல்லாம் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போனாள். யாருமில்லாத வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவள் மாதிரித் தன்னையே பார்க்கக் கூச்சமாக இருந்தது. யாரும் படிக்காத மெயில், யாரும் சீந்தாத பெயர். போனால் போகட்டும், வேண்டுமென்றால் பொதுவில் விட்ட பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம், வேறு எவன் எடுக்கப் போகிறான் என்று நினைத்தாள். விட்டுவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் மனசு லேசாகக்கூட இருந்தது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வந்தாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு, வேறு ஏதோ தேடும்போது, அந்தப் பெயரையும் சும்மா அடித்துப் பார்த்தாள். திறந்தது. பெரிய தோத்தாபுரி மாம்பழப் படம், கீழே கம்பெனியின் முத்திரை, தொடர்புக்கு வரதராஜன். பதிவு விவரத்தை எடுத்துப் பார்த்தாள். பெயர் பொதுவில் விடப்பட்ட அன்றைக்கே எடுத்திருந்தார்கள். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை.

அவள் ஃபோன் செய்தாள். இந்தத் தடவை சார் மீட்டிங்கில் இல்லை. முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லும்மா, நல்லா இருக்கியா?"

"சார், அந்தப் பேரு..."

"ஆமாம்மா, எடுத்துட்டோம். மெட்ராஸ்ல ஒரு பையங்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். நீதான் தேதியெல்லாம் தெளிவா எழுதியிருந்தியே."

"நீங்க என் மெயில் படிச்சீங்களா சார்?"

"என்ன இப்படிக் கேக்கற? எல்லாம் படிச்சேன். ஒண்ணு விடல. ரொம்ப நல்லா எழுதுவ நீ."

"அப்ப ஏன் சார் ஒரு பதில்கூடப் போடல?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, குழந்தை கேட்ட கேள்விக்குச் சிரிப்பது மாதிரி. "பதில் போட்டா வெல பேசணும் இல்லம்மா?"

"இதுல தப்பு ஒண்ணும் இல்லியே?" என்று அவரே கேட்டார். விதிப்படி அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த விதியை அவருக்கு டீ குடித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தது அவள்தான். "இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

யாரும் படிக்கவில்லை என்று நினைத்திருந்த வருஷங்களில்கூட அவளுக்கு இத்தனை கசக்கவில்லை. ஒரு ஆள் உட்கார்ந்து, வரி விடாமல் படித்து, அவள் களைத்து விழும் நாளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான். அவள் இங்கிலீஷை அவள் வாழ்க்கையில் யாராவது முழுசாகப் படித்திருந்தால் அது அவன்தான்.

மிச்சமிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கெடு முடிய விட்டாள். யாருக்கும் கடைசி மெயில் எழுதவில்லை. மறுவருஷம் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். பொருள் விற்கிறவர்களிடமிருந்து அவளுக்குத் தினமும் மெயில் வருகிறது. வேண்டாதவர்களுக்கு வேண்டாம் என்று எழுதலாமா என்று முதல் வாரம் மேலதிகாரியிடம் கேட்டாள். "எழுதாதீங்க, எழுதினா பேச்சு வளரும்" என்றார். அவள் எழுதுவதில்லை.

அந்த சீசனுக்கும் ஏகாம்பரம் சித்தூர் போயிருந்தார். திரும்பி வந்தவர் நேராக சத்தியவேட்டுக்கு மகளைப் பார்க்க வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"மேனேஜரு என்னைக் கூப்ட்டனுப்பிச்சாரும்மா. ஆபீஸு ரூமுக்குள்ள. உம் பொண்ணு கெட்டிக்காரி ஏகாம்பரம், அவளால எங்களுக்கு ஒரு நல்லது நடந்துச்சின்னாரு. எத்தினி பேரு பாத்துக்கினு இருந்தாங்க தெரியுமா? இன்னா செஞ்ச நீ அவருக்கு?"

பிரேமலதா தட்டில் சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள்.

"ஒண்ணுமில்ல நைனா. ஒரு பேரு சொன்னேன்."

"அவரே ரூம்ல ஒக்காரச் சொன்னாரும்மா. நான் ஒக்காரல" என்றார் ஏகாம்பரம், வாய் நிறையச் சோற்றோடு. அதை அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் இன்னும் இரண்டு தடவை சொன்னார். அவள் இரண்டு தடவையும் "சரி நைனா" என்றாள்.