வில்லு தானாகத் திரும்பி வரவில்லை

அந்தப் பூனைக்குட்டியைத் தொலைத்தவள் நான்தான்.

தொலைத்தேன் என்று சொல்வதிலும் ஒரு தப்பித்தல் இருக்கிறது... கொண்டுபோய் விட்டேன். பெரகல சந்தியில், ஒரு காய்கறிக் கடையின் பின்சுவரோரம், சரியாக நடக்கக்கூட முடியாத ஒரு குட்டியை அட்டைப்பெட்டியோடு வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் பஸ் ஏறினேன்!

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் யாரைக் கேட்டாலும் வேறு கதை சொல்வார்கள். முதுகு வளைந்த பூனை ஒன்று வழிதவறிப் போய், இரண்டு இரவுகள் காட்டில் கிடந்து, தன் வீட்டைத் தானே தேடி வந்த கதை. நல்ல கதை. அதில் உண்மை ஒரு சொட்டுக்கூட இல்லை. ஐந்து வருடங்களாக அதை மறுக்காமல் இருக்கிறேன். இன்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

என் கணவர் சேகர் சுற்றுலா ஊரான எல்லவில் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு நாள் காலையில் அவருடைய பின்சீட்டுக்கு அடியில் ஒரு தாய்ப்பூனை மூன்று குட்டிகளைக் கொண்டுவந்து வைத்தது. மாலைக்குள் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மூன்றாவதை எடுக்க வரவேயில்லை. அதைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், இங்க பாருங்களேன்! வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு!"

கேலி செய்யும்போது மட்டும் என்னை டீச்சர் என்பார். நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன்.

குட்டியின் முதுகெலும்பு நடுவில் மேலே உயர்ந்து, பிறகு இடப்பக்கம் சரிந்திருந்தது. பின்கால்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தவளையைப் போலத் தத்தியது. தத்தி, விழுந்து, எழுந்து, விழுந்தது தன் தவறே இல்லை என்பதுபோல் எங்களைப் பார்த்தது! பண்டாரவளையில் மிருக வைத்தியர் தடவிப் பார்த்துவிட்டு, பிறவிக் கோளாறுதான், வலியில்லை, ஆனால் சிறுநீர் தானாகப் போகாது, வயிற்றை மெல்ல அமுக்கி எடுக்க வேண்டும் என்றார். ஒரு நாளைக்கு மூன்று முறை. சேகர் அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டுக்குச் செங்கல் வைத்து உயரம் கொடுத்தார். கட்டிலுக்கு ஏற ஒரு சாய்பலகை அடித்தார். காக்கிச் சட்டைப் பையில் அதைப் போட்டுக்கொண்டு ஆட்டோவும் ஓட்டினார். வில்லு என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை... என் சேலை மடிப்பில் அது உறங்கும்போது நான் அசையாமல் வினாத்தாள் திருத்தியிருக்கிறேன்.

பிறகு, எட்டு வருடக் காத்திருப்புக்குப் பின், இரண்டு முறை கைநழுவிப் போன பின், நான் கருவுற்றேன்.

ஐந்தாம் மாதம். பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றார். என் மடியில் வில்லு.

"ஏன் புள்ள, மாசமா இருக்கிறவ காலையில எந்திரிச்சு இதையா பாக்குற? வயித்துல இருக்கிறதுக்கும் அப்படியே ஆயிறப்போவுது. எங்கயாச்சும் கொண்டு போய் விட்டுருங்க."

சிரித்தேன். அதெல்லாம் அப்படி இல்லை அக்கா என்றேன். அதே வாரம் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் மனித முதுகெலும்பை நானே வரைந்து, ஒவ்வொரு முள்ளெலும்பாகப் பெயரிட்டேன். எதனால் வளைகிறது, எதனால் வளையாது என்று மாணவர்களுக்கு விளக்கினேன். வகுப்பு முடிந்ததும் கைகூடக் கழுவாமல் வயிற்றைத் தடவி, உள்ளே ஒரு முதுகைத் தேடினேன்.

அறிவு எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது. பயம் அதன் குறுக்கே நடந்து போயிற்று... அவ்வளவுதான்.

பதுளைக்கு கிளினிக் போகிறேன் என்று சேகரிடம் சொன்னேன். பாடசாலைக்குக் கரும்பலகை வெண்கட்டி வந்த அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, வில்லுவை வைத்தேன். பதுளையில் விட முடியாது. என் மாணவர்களின் பெற்றோர் வேலை செய்யாத தெருவே அங்கில்லை. எதிர்த்திசையில், பண்டாரவளை, ஹப்புத்தளை தாண்டிப் பெரகல வரை போனேன். வழி முழுவதும் அது கத்தவில்லை. பெட்டியின் ஓட்டை வழியே மூக்கை நீட்டி என் விரலை நக்கிக்கொண்டே வந்தது. என்னோடு எங்கோ உல்லாசப் பயணம் போவதாக நினைத்திருக்குமோ?

வீடு திரும்பியபோது சேகர் தேயிலைச் செடிகளுக்கு அடியில் குப்புறப்படுத்துத் தேடிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் செம்மண். "வில்லூ... வில்லூ..." என்று அவர் அழைக்கும் சத்தம் மலையில் பட்டுத் திரும்பியது.

"கதவைத் தெறந்து வச்சிட்டுப் போயிட்டேன் போல. நான்தான் கவனிக்கல," என்றார்.

என் குற்றத்தையும் அவரே எடுத்துக்கொண்டார்! நான் தடுக்கவில்லை.

மறுநாளும் அவர் ஆட்டோ எடுக்கவில்லை. மழைநீர் ஓடும் கான்களையெல்லாம் ஒவ்வொன்றாய்க் குனிந்து பார்த்தார். மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி அவர் சொன்னது இதுதான்: "யாராச்சும் அமுக்கி விட்டாத்தானே அதுக்கு மூத்திரமே போவும். இந்நேரம் வயிறு எப்படி ஊதியிருக்குமோ..."

மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் கிளினிக் என்றேன். பெரகலவில் இறங்கி நேரே கடையின் பின்பக்கம் போனேன். சுவரோரம் பெட்டி இல்லை. கடையின் முன்பக்கம் போனேன். கேரட் கூடைக்கும் வெங்காய வாசமடிக்கும் லீக்ஸ் கட்டுகளுக்கும் நடுவில், ஒரு சாக்கின் மேல், மகாராணியைப் போல வீற்றிருந்தது வில்லு!

என்னைக் கண்டதும் தத்தியது. விழுந்தது. எழுந்தது. என் காலை நோக்கி வந்தது. நீங்களே சொல்லுங்கள், விட்டுவிட்டுப் போனவளிடம் ஒரு உயிர் இப்படியா வரும்?

கடைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க டீச்சரா?"

"எப்படித் தெரியும்?"

"வெண்கட்டிப் பெட்டியிலதானே வச்சுட்டுப் போயிருக்கீங்க."

தவறிப்போய்விட்டது என்று ஏதோ உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. குட்டியின் வயிறு ஊதியதைத் தன் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்து, ஈரத்துணியால் தடவிச் சிறுநீர் போக வைத்தார் என்றார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. மறுபடி விடணும்னு தோணுச்சின்னா இங்கயே கொண்டாந்து விடுங்க. வேற எங்கயும் விட்டுறாதீங்க, அம்மா."

அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

சொல்லிவிடத்தான் நினைத்தேன்! வில்லுவைக் கையில் ஏந்தியபடி வாசலில் நின்று, எல்லாவற்றையும் கொட்டிவிடுவதாகத்தான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் பின்னால் வந்தபோது சேகர் முன்வாசலில் இருமும் சத்தம் கேட்டது. அந்த ஒரு நொடி... குட்டியை முதல் தேயிலைச் செடிக்கு அடியில் இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே நுழைந்தேன்.

சற்று நேரத்தில் வெளியே கூச்சல்.

"வந்துருச்சு! தானா வந்துருச்சு! ஏய், வில்லு வந்துருச்சுப்பா!"

எங்கள் லயத்தில் ஒரே வரிசையாய் ஒட்டி நின்ற பத்து வீடுகளும் திரண்டு வந்தன. சேகர் குட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினார். பிறகு அதன் முதுகை முகர்ந்து பார்த்து, "லீக்ஸ் வாசம் அடிக்குதே... எவன் தோட்டத்துலயோ கெடந்துட்டு வந்திருக்கு," என்றார். ராசாத்தி அக்கா ஒரு கிண்ணம் பாலோடு ஓடிவந்தார். கண்கள் நிறைந்திருந்தன.

"இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு மலையேறி வந்திருக்கே! இது வீட்டுல இருந்தா வயித்துப் புள்ளைக்கு நல்லது புள்ள. மடியிலயே வச்சுக்க!"

சிரிப்பதா, அழுவதா? இரண்டையும் செய்தேன். மகிழ்ச்சியில் அழுகிறாள் என்றார்கள். அதுவும் உண்மைதான். என் வாழ்நாளில் அவ்வளவு மகிழ்ந்த மாலை வேறில்லை.

அன்று முதல் கதை வளர்ந்தது. முதலில் மழை சேர்ந்தது, பிறகு அட்டைக்கடி, பிறகு ஒரு சிறுத்தை. எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சேகர் பாதி ஆங்கிலத்திலும் மீதியைக் கையசைவிலும் அதை நடித்துக் காட்டுவார். சிலர் வில்லுவைப் பார்க்கவென்றே எங்கள் படிகளில் மூச்சிரைக்க ஏறி வருவார்கள். தேநீர் கொடுப்பேன். சிறுத்தையின் கண்கள் எப்படி மின்னின என்று சேர்த்துச் சொன்னது யார் தெரியுமா? நான்தான்!

மகள் பிறந்தாள். சாதனா. அவளை என் நெஞ்சின் மேல் வைத்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரல் அவள் பிடரியிலிருந்து கீழே ஒவ்வொரு எலும்பாக இறங்கியது.

"என்ன டீச்சர், எண்ணிப் பாக்குறீங்களா?" என்று தாதி சிரித்தார்.

நேராக இருந்தது. நேராகத்தான் இருந்திருக்கும், எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த முதுகு வளைந்திருந்தால்... நான் என்ன செய்திருப்பேன்? இந்தக் கேள்வியை இன்றுவரை முடிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டைப் பாருங்கள். காலையில் ஈரத்துணியோடு வில்லுவின் வயிற்றைத் தடவுவது என் வேலை. யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. முதுகில் அதற்கு நா எட்டாத இடத்தைச் சீப்பால் வாரி விடுவேன். அது கண்ணை மூடிக்கொண்டு, பழுதான மோட்டாரைப் போல உறுமும். சாதனா நடக்கப் பழகியது அதைப் பார்த்துத்தான். இரண்டு காலையும் சேர்த்துத் தத்தினாள்! இப்படியே வளர்ந்தால் என்ன செய்வது என்று நான் பதற, "வளரட்டுமே," என்று சேகர் தரையில் உருண்டு சிரித்தார். ஆறு மாதத்தில் ஓடினாள். வில்லுதான் பின்னால் தத்திக்கொண்டு போயிற்று.

அவளுக்கு இப்போது ஐந்து வயதாகப் போகிறது. தினமும் மாலையில் ஒரே விளையாட்டு. அவள் பூனையாகித் தேயிலைக்குள் ஒளிந்துகொள்வாள். நான் தேடக்கூடாது.

"தேடாதீங்கம்மா! அது தானாதான் வரும்!"

வாசலில் நின்று வியப்பதுதான் எனக்குரிய பாத்திரம். தத்தித் தத்தி அவள் வரும்போது நெஞ்சில் கைவைத்துக் கூவுவேன். எவ்வளவு நன்றாக நடிக்கிறேன்!

நேற்று அவள் விளையாட்டை மாற்றினாள். "இன்னிக்கு நீங்க பூனை. நான் அப்பா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு செடிக்கு அடியில் குந்தினேன். ஈரமண். முகத்தில் இலைகள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல், அப்படியே அவள் அப்பாவைப் போல, "வில்லூ... வில்லூ..." என்று மலைப்பக்கம் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. விளையாட்டு என்று மறந்துவிட்டாள் போலும், குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே எழுந்திருக்க வேண்டும். முடியவில்லை... இப்படித்தானே அவர் இரண்டு நாள் கூப்பிட்டார். கேட்கும் தூரத்தில்கூட அது இல்லை.

தவழ்ந்து வெளியே வந்தேன். அவள் பாய்ந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே வில்லுவும் தத்தி வந்து என் மடியில் ஏறியது. வாசலில் சேகர் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். மகள் என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து நிமிர்த்தி, மிகக் கண்டிப்பாகக் கேட்டாள்:

"எங்க போயிருந்த நீ?"

பதில் என் நாவின் நுனியில் இருந்தது. ஒரே ஓர் ஊர்ப்பெயர்.

"மியாவ்," என்றேன்.