மொண்டேவிடியோவின் முதுநகரில் நான் போட்ட சண்டை

உருகுவே என்று ஒரு நாடு இருப்பது கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. தென் அமெரிக்காவில், பிரேசிலுக்குக் கீழே இருக்கும் சின்ன நாடு. அதன் தலைநகர் மொண்டேவிடியோவுக்கு அலுவலக வேலையாக மூன்று வாரம் போகச் சொன்னார்கள். ஏப்ரல் மாதம். நம் ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது அங்கே இலையுதிர் காலம். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும்.

போவதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. என் மனைவி கலைக்கு எட்டு மாதம் முடியப்போகிறது. வளைகாப்பு முடிந்து சிதம்பரத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எங்கள் வீடு கடலூர் முதுநகரில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கடலூர் ஒரே ஊர் என்று பெயர்ப்பலகைதான் சொல்லும். கலெக்டர் ஆபீஸ் பக்கம் மஞ்சக்குப்பம், பஸ் ஸ்டாண்டு பக்கம் திருப்பாப்புலியூர், துறைமுகத்துப் பக்கம் முதுநகர். முதுநகர் என்பது எழுதுவதற்கு. வாயில் வருவது ஓ.டி., அதாவது ஓல்டு டவுன். கண்டக்டர், மீன்காரம்மா, பள்ளிக்கூட வாத்தியார் எல்லாருக்கும் அது ஓ.டி.தான்.

தெரிந்த டாக்டரம்மா பக்கத்திலேயே இருக்கிறார், பிரசவத்தை முதுநகரிலேயே பார்க்கலாம் என்பது என் அம்மாவின் கட்சி. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது மாமியார் வீட்டுக் கட்சி. நான் சிதம்பரத்துக்குத் தீர்ப்புச் சொன்னேன். நடுவில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. நிறைமாதக்காரியை அந்தக் குலுக்கலில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு வர எனக்குச் சம்மதமில்லை. நான் திரும்பும் வரை அவள் சிதம்பரத்தை விட்டு அசையக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிடுவதாகத்தான் ஏற்பாடு.

ஆகவே இது நிம்மதியாக உட்கார்ந்து ரசித்த பயணம் அல்ல. பொதுவாகவே எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. இந்த முறை காலில் சக்கரம், கையில் போன்.

தங்கியது போசிட்டோஸ் என்ற பகுதியில். எங்கள் கடலூர் சில்வர் பீச் ஓரமாகப் பத்து மாடிக் கட்டடங்களை வரிசையாக நிறுத்திவைத்தால் போசிட்டோஸ். கரையை ஒட்டி ராம்ப்லா என்ற நடைபாதை, இருபது கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. காலையில் எல்லாரும் கக்கத்தில் ஒரு பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, கையில் சுரைக்குடுவையுடன் நடக்கிறார்கள். உள்ளே மத்தே என்ற இலைச்சாறு. எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. எதிரே தெரிவது கடல் என்றுதான் நினைத்தேன். ஆறாம்! அக்கரை கண்ணுக்குத் தெரியாத ஆறு. நிறம் மட்டும் எங்கள் ஊர்க் கெடிலம் ஆற்றில் வெள்ளம் போகிறபோது இருக்குமே, அதேதான்.

இரண்டாவது சனிக்கிழமைதான் எனக்கென்று ஒரு முழு நாள் கிடைத்தது. பகுதி பகுதியாக நகரத்தைப் பார்த்துவிடுவது என்று காலை எட்டரைக்குக் கிளம்பினேன். பேருந்துக் கட்டணம் ஐம்பது பெசோவுக்குக் கொஞ்சம் மேல், நம் காசில் நூற்றுச் சொச்சம். பெட்டிக்கடைகளில் பயண அட்டை வாங்கிக்கொண்டால் இன்னும் குறையும். அரை மணி நேரத்தில் சியுதாத் வியேஹாவில் இறங்கினேன். ஸ்பானிஷ் மொழியில் அதற்குப் பழைய நகரம் என்று பொருள். சொல்லுக்குச் சொல் முதுநகர்! பக்கத்திலேயே துறைமுகம், ஈரக்காற்றில் உரிந்த சுவர்கள், பூட்டிக் கிடக்கும் பழைய வியாபாரிகளின் மாளிகைகள், நடுவில் திடீரென்று ஒரு பளபளப்பான காபிக் கடை. முந்தின நாள் கலையிடம், "நாளைக்கு இங்கத்து ஓ.டி.க்குப் போறேன்" என்று சொல்லியிருந்தேன். "அங்கயும் மீன் நாத்தம் அடிக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். அடிக்கவில்லை. துறைமுகச் சந்தையின் பெரிய இரும்புக் கூரைக்குக் கீழே விறகில் மாட்டிறைச்சி சுடுகிற வாசனைதான். விலை எக்கச்சக்கம். நான் ஃபைனா சாப்பிட்டேன். கடலைமாவு அடை என்று வைத்துக்கொள்ளுங்கள், மிளகுத்தூள் தூவித் தருகிறார்கள். வயிறும் நிறையும், பையும் தாங்கும்.

பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. நம் ஊரில் அப்போது இரவு ஏழு மணி தாண்டியிருக்கும், எட்டரை மணி நேர வித்தியாசம். அனுப்பியவன் கலையின் தம்பி பிரபு. "மாமா, அக்காவ ஓ.டி.க்குக் கூட்டிக்கினு போறாங்க. அப்பறம் பேசறேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அப்படியானால் அம்மா நினைத்ததைச் சாதித்துவிட்டார். நான் நாட்டை விட்டு நகர்ந்ததும் வண்டி வைத்து மருமகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். மாமியார் வீட்டாரும் தலையாட்டிவிட்டார்கள். சந்தை நடுவில் நின்றுகொண்டு பிரபுவுக்குக் குரல்செய்தி அனுப்பினேன். "யாரக் கேட்டுடா அவள ஓ.டி.க்குக் கூட்டிக்கினு போறீங்க? படிச்சுப் படிச்சு சொல்லிட்டுத்தான வந்தேன்? ஒழுங்கா திருப்பிக் கூட்டியாந்து வுடுங்க!" அடை சுட்டவர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

ஆத்திரம் அடங்காமல் அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்தார். பின்னால் ஒரே வண்டிச் சத்தம்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"கார்ல போய்க்கினு இருக்கோம்ப்பா. ஆலப்பாக்கம் தாண்டியாச்சு. ரோடு ஒரே ஆட்டம். நீ ஒண்ணும் பயப்படாத, கலைக்கு..."

லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவில்லை. ஆலப்பாக்கம் இரண்டு ஊருக்கும் இடையில் இருக்கிறது. நான் எந்தச் சாலையில் கூட்டிக்கொண்டு வரக் கூடாது என்றேனோ அதே சாலை, அதுவும் இருட்டில். இனி யாரோடும் பேச்சே கிடையாது என்று போனை அணைத்துப் பையின் அடியில் போட்டேன். இந்த வயதில் இப்படிக் கோபித்துக்கொள்வது அழகில்லை என்று தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பார்த்த இடங்களைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நகரத்திலிருந்து கிழக்கே நடந்தால் பர்ரியோ சூர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் வேர்விட்ட பகுதி. தோளில் தொங்கும் உயரமான மேளத்தை ஒரு கையாலும் ஒரு குச்சியாலும் அடிக்கிறார்கள். காந்தோம்பே என்று பெயர். தெருமுனையில் நாலைந்து பேர் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். நின்று கேட்டிருக்க வேண்டிய இடம். நானோ அம்மாவிடம் என்னென்ன கேட்பது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு விறுவிறுவென்று தாண்டிப் போனேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

நடந்தும் சூடு தணியாததால் 125ஆம் எண் பேருந்தைப் பிடித்து எல் செர்ரோவுக்குப் போனேன். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குன்று, முக்கால் மணி நேரப் பயணம். ஒரு காலத்தில் இறைச்சித் தொழிற்சாலைகளுக்குப் பல நாடுகளிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய இடம், அதனால் தெருக்களுக்கு நாடுகளின் பெயர். கிரீஸ் தெருவில் இறங்கினேன். இந்தியாவைத் தேடினேன், என் கண்ணில் படவில்லை. உச்சியில் ஒரு பழைய கோட்டை. அங்கிருந்து துறைமுகமும் நகரமும் மொத்தமாகத் தெரிகின்றன. எங்கள் கடலூர் கேப்பர் மலையைவிடக் கொஞ்சம் உயரம் இருக்கும்.

படம் எடுக்கலாம் என்று போனை உயிர்ப்பித்தேன். ஒன்றேகால் மணி. தவறவிட்ட அழைப்புகள் கொட்டின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரபு கூப்பிட்டான்.

"மாமா! எங்க போனீங்க? எத்தன வாட்டி போடறது?"

"வூட்டுக்குப் போய்ச் சேந்தாளா?"

"எந்த வூட்டுக்கு? பொண்ணு பொறந்திருக்கு மாமா!"

"யாருக்கு?"

"யாருக்குன்னா? உங்களுக்குத்தான்!"

"முதுநகர்லயா?"

"முதுநகர்ல என்னா இருக்கு? சிதம்பரத்துல, ஆஸ்பத்திரியில. ஓ.டி.க்குப் போறாங்கன்னு போட்டேன்ல? ஆபரேஷன் தேட்டரு மாமா!"

பிரபு சொல்லச் சொல்லத்தான் விவரம் தெரிந்தது. சாயங்காலம் வலி வந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே இருக்கிறது. இனி ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் போட வேண்டிய கையெழுத்தைப் பிரபு போட்டிருக்கிறான். செய்தி கேட்டு அம்மா முதுநகரிலிருந்து கார் பிடித்துச் சிதம்பரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். நான்தான் அந்தக் காரை எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா எப்படிடா இருக்கா?"

"நல்லாருக்காங்க. ரத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி போயிடுச்சு, ஏத்திக்கினு இருக்காங்க. பயம் இல்லன்னுட்டாங்க. கொழந்தைய மட்டும் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க, ரெண்டே கால் கிலோதான்."

அந்த உச்சியில் உட்கார்ந்து அழுதேன். அவள் உயிரைப் பணயம் வைத்துப் படுத்திருந்த நேரம் முழுக்க, பயப்பட வேண்டிய நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கீழே போக ஒரு டாக்சி கிடைத்தது. எங்கே போக வேண்டும் என்று ஓட்டுநர் ஸ்பானிஷில் கேட்டார். "சிதம்பரம்" என்று சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகத் தன் போனில் தேடினார். கிடைக்கவில்லை. அது எந்தப் பகுதி என்று கேட்டார். போன் வழியாக மொழிபெயர்த்து விஷயத்தைச் சொன்னதும் வண்டியை ஓரம் கட்டினார், தன் குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டினார். இந்த முறை கசப்பு தெரியவில்லை. மத்தே குடித்து முடிப்பதற்குள் நன்றி சொல்லக் கூடாதாம். சொன்னால் இனிமேல் வேண்டாம் என்று அர்த்தமாம். நான் நன்றி சொல்லாமல் மூன்று தடவை வாங்கிக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கலையோடு பேச முடிந்தது. அவளுக்குக் குரல் எழவே இல்லை.

"உள்ள தள்ளிக்கினு போறப்ப பிரபு போன காதுகிட்ட வெச்சான், மாமா பேசியிருக்காருன்னு. தைரியம் சொல்லப்போறீங்கன்னு பாத்தா இந்தக் கத்து கத்துறீங்க. அழுதுக்கினேதான் உள்ள போனேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் விடவில்லை.

"முதுகுல ஊசி போடக் குனிஞ்சு உக்கார வெச்சாங்க. அப்பதான் வெளங்குச்சு, இந்த மனுசன் நம்ம ஊரத்தான் சொல்றாருன்னு. சிரிப்ப அடக்க முடியல. அசையாதம்மான்னு டாக்டரு திட்டுறாரு." சிரிக்கப் போய் வலியில் நிறுத்திக்கொண்டாள். "தையல் இழுக்குது, வைங்க."

போக நினைப்பவர்களுக்கு: விசா விவரங்களை முன்கூட்டியே தூதரகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய நகரத்துக்குச் சனிக்கிழமை போங்கள், ஞாயிறு என்றால் கடைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். மேளம் கேட்பதற்கு ஞாயிறு மாலை நல்லது. எல் செர்ரோ உச்சிக்கு வெளிச்சம் இருக்கும்போதே டாக்சியில் போய் டாக்சியில் இறங்குங்கள், பழைய நகரத்திலிருந்து ஒரு வழிக்கு ஐந்நூறு பெசோ வரை ஆகும். வீட்டில் யாருக்காவது மாதம் நெருங்கியிருந்தால் எந்த ஊருக்கும் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் போனை மட்டும் அணைக்காதீர்கள்.

அலுவலகத்தில் சொல்லிப் பயணச்சீட்டை மாற்றிக்கொண்டேன். சாவ் பாவ்லோ விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கிறேன். உட்கார முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சற்று முன் படங்கள் வந்தன. ஒன்றில் என் அம்மா மடியில் இருக்கிறாள், ஒன்றில் மாமியார் மடியில். இன்னொன்றில் பிரபு பயந்து பயந்து இரண்டு கையாலும் ஏந்தியிருக்கிறான். எல்லாரும் தூக்கியாகிவிட்டது. நான் இன்னும் தூக்கவில்லை.