மூன்றாவது கொடி

பேச்சியம்மாள் செத்ததற்கு நான்தான் காரணம்.

கல் அல்ல. வெடிமருந்து அல்ல. அவளுடைய அலட்சியமும் அல்ல. இந்தப் பள்ளத்தாக்கில் அவள் பேரை எடுக்கிறவர்கள் எல்லோரும் அலட்சியம் என்றுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல வைத்தவனும் நான்தான்.

என் பெயர் சவரிமுத்து. வயது நாற்பத்தாறு. ஊர் அனுமந்தன்பட்டி. அணை வேலைக்காக லோயர் கேம்ப் அருகே வெட்டிய சுண்ணாம்புக்கல் குழியில் ஆறு வருடம் எழுத்தராக இருந்தேன். நான் எதையும் எழுதி வைப்பவன். குளித்த நேரம், காற்றடித்த திசை, தலைவலி வந்து போன நேரம்... எல்லாம் என் நோட்டில் உண்டு. பிழையான வரி ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

என் வேலை இதுதான். வாரத்தில் இரண்டு நாள், மாலை ஐந்து மணிக்கு, கல்குழியில் வேட்டு வைப்பார்கள். அந்த நாட்களில் நண்பகலிலேயே குழிக்கு வரும் மூன்று பாதைகளிலும் நான் சிவப்புக் கொடி நட வேண்டும். கொடியைக் கண்டால் சனங்கள் சுற்றுப்பாதையில் போவார்கள். வேட்டுக்கு முன் மேஸ்திரி என்னைக் கேட்பார், கொடி நிற்கிறதா என்று. நிற்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் கொம்பு ஊதுவார்கள். மூன்றாம் ஊதலுக்குத் திரியில் நெருப்பு வைப்பார்கள். கொம்பு கேட்ட பிறகு ஓடைக்குள் இருப்பவர் ஏறித் தப்ப நேரம் போதாது.

என் வாய்ச்சொல்தான் எல்லாவற்றுக்கும் சாவி. அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஆட்டத்துக்கு வருகிறேன்.

கல்குழிக்குப் பொறுப்பான எங்கள் வெள்ளைக்கார இளைய துரைக்குத் தனிமை. கல்குழியை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் ஆறு குழிகள் வெட்டி, கோல்ப் என்னும் ஆட்டத்தை ஆட ஆரம்பித்தார். புல் கருகிப்போகும் பூமி என்பதால், ஒவ்வொரு குழியைச் சுற்றியும் மணலைப் பரப்பிப் புங்கெண்ணெய் ஊற்றி இறுக்கினார்கள். கூட ஆட ஆளில்லை. ஒரு நாள் ஒரு பழைய மட்டையை என் கையில் கொடுத்தார்.

முதல் அடியில் மண் பறந்தது. இரண்டாவதில் செருப்பு பறந்தது. மூன்றாவதில்... பந்து பறந்தது!

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? கையில் ஒரு அதிர்வும் இல்லை. பந்து தானாகவே புறப்பட்டுப் போனது போலிருந்தது. நாற்பது வயதுவரை பேனாவைத் தவிர எதையும் ஓங்காத கை அது. அன்றிரவு நோட்டில் எழுதினேன்: "மாலை 5.50. ஒரு நல்ல அடி."

அதன் பிறகு என் நோட்டு இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் வேட்டு. வலப்பக்கம் ஆட்டம். இந்த ஆட்டத்தில் குறைந்த அடியில் முடிப்பவனே ஜெயிப்பான்; ஆறு குழிக்கு எழுபத்தொன்று அடி என்று ஆரம்பித்தேன். ஐம்பத்தெட்டுக்கு வந்தேன். ஒரு மாதத்தில் நாற்பத்து நான்கு! தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமே அறுபத்தாறு. பந்து புதருக்குள், ஓடைக்குள், ஆட்டுக்கிடைக்குள் என்று போனது. ஏன் நேற்று வந்தது இன்று வரவில்லை? கை அதே கைதானே? மனைவி சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது என் மணிக்கட்டு தானாகத் திரும்பும். பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போது மனம் ஐந்தாம் குழியில் இருக்கும்.

பேச்சியம்மாள் கல்குழி ஆட்களுக்குக் கூழ் கொண்டுவருகிறவள். அவள் புருசன் வீரணன், திரியில் நெருப்பு வைப்பவன். ஓடைப்பாதை வழியாக வரும்போதெல்லாம் நின்று என்னைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டாள்.

"என்ன ரைட்டரய்யா, இத்தினிக்காணு பந்தக் குழிக்குள்ள போட ரெண்டு கையும் ஒரு கம்பும் வேணுமாக்கும்? எங்க வீட்டுக் கோழி கம்பே இல்லாம முட்டைய நேராக் கூடைக்குள்ள போடுதுய்யா!"

"போ ஆத்தா, வேலையப் பாத்து."

"நா வேலையத்தான் பாக்கப் போறேன். நீங்க எதப் பாக்குறீக? ஆட்டுக்கெடையில தேடுங்கய்யா, புழுக்கையோட புழுக்கையாக் கெடக்கும்!"

நான் சிரிப்பேன். ஆனால் ஒன்றையும் கவனித்திருந்தேன். ஓடையில் இறங்குமுன் கையை நெற்றியில் வைத்துக் கொடி இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் திரும்பி, அரை நாழிகை சுற்றிக்கொண்டு வருவாள். ஒரு நாளும் தவறியதில்லை. புருசன் வைக்கிற நெருப்பின் மேல் அவளுக்கு அவ்வளவு பயம்.

இது எனக்குத் தெரியும். தெரியாதென்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை!

அந்த நாள் வேட்டு நாள். மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு துரை கீழே வந்திருந்தார். அவருக்கும் எனக்கும் ஆட்டம் என்று இளைய துரை ஏற்பாடு செய்தார். நான் ஜெயித்தால், மலைமேல் துரைமார் மட்டும் ஆடும் திடலுக்கு என்னை அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை.

நண்பகலில் மூன்று கொடிகளையும் நட்டேன். பிறகு ஆட்டத் திடலுக்கு வந்து பார்த்தால், ஆறாம் குழியின் கொடித்துணியை ஆடு தின்றிருந்தது. வெறும் குச்சி நின்றது. அந்தக் குழி மேட்டுக்கு அப்பால் இருக்கிறது. கொடி இல்லாமல் திசை தெரியாது.

ஓடைப்பாதையின் கொடி நூறு எட்டில் இருந்தது.

வேட்டு ஐந்து மணிக்கு. ஆட்டம் நாலரைக்குள் முடியும். முடிந்ததும் திரும்ப நட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். 3.05க்குப் பிடுங்கி வந்து ஆறாம் குழியில் நிறுத்தினேன். பார்த்தீர்களா, நேரம்கூட நினைவிருக்கிறது!

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் அடிகளை அவரவரே எண்ணிச் சொல்ல வேண்டும். வேறு யாரும் எண்ணமாட்டார்கள். ஐந்தாம் குழியில் நான் மட்டையை வைத்தபோது பந்து ஒரு மயிரிழை அசைந்தது. யாரும் பார்க்கவில்லை. நானே சொன்னேன், ஓர் அடி கூட்டிக்கொள்ளுங்கள் என்று. தோட்டத்துரை தொப்பியைக் கழற்றினார். இளைய துரை என் தோளில் தட்டி, இவரைப் போல நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை என்றார்.

அந்தத் தட்டல் தோளில் ஆறுமுன்...

ஆறாம் குழிக்கு வந்தபோது இருவரும் சமம். மேற்கே மலை கறுத்துவிட்டது. தோட்டத்துரை நான்கு அடியில் முடித்துவிட்டார். நான் மூன்று அடித்திருந்தேன். பந்துக்கும் குழிக்கும் இடையே எட்டுச் சாண். கொடியைப் பிடுங்கி என் பின்னால் மணலில் கிடத்தியிருந்தேன். இந்த ஒரு தட்டில் போனாலும் சமம்தானே என்று பார்க்கிறீர்களா? மூன்றும் ஒன்றும் நான்குதான். ஆனால் சமமானால் வெற்றி எனக்கு என்று தோட்டத்துரையே பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார், ஐந்தாம் குழியில் நான் ஒப்புக்கொண்ட அந்த ஓர் அடிக்காக.

குனிந்தேன். கல்குழி மேட்டிலிருந்து மேஸ்திரி கத்தினார்.

"ரைட்டரே! மழ எறங்கிருச்சு! மருந்து நனைஞ்சா அம்புட்டும் வீணு. இப்பவே கொளுத்திருவோம். கொடி மூணும் நிக்குதா?"

நான் நிமிர்ந்தேன். கொடி என் குதிகாலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

இல்லை என்று சொன்னால் ஓட வேண்டும். ஓடித் திரும்புவதற்குள் மழை வந்துவிடும். மணல் கரையும், ஆட்டம் கலையும். அதோடு, பாதைக் கொடியைப் பிடுங்கியவன் நானென்று இரண்டு துரைமாருக்கும் தெரிந்துவிடும். அந்த நேர்மையான ஆள்!

இந்த நேரத்தில் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா? அல்லது பிற்பாடு அப்படி நினைத்ததாகச் சேர்த்துக்கொண்டேனா?

"நிக்குது!" என்றேன்.

முதல் ஊதல். என் கை நடுங்கவில்லை. இரண்டாம் ஊதல். தட்டினேன். பந்து எண்ணெய் மணலில் மெல்லப் போய், விளிம்பில் ஒரு கணம் யோசித்து, உள்ளே விழுந்தது. தோட்டத்துரை கைதட்டினார். மூன்றாம் ஊதல்.

பூமி குலுங்கியது. குழிக்குள் பதித்திருந்த தகரக் குவளையில் பந்து கடகடவென்று ஆடியது.

யாரும் அலறவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்தது. கொடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். காப்பாற்ற ஓடினேன் என்றுதான் இன்றுவரை எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஓடைக்கரையில் கூழ்ப்பானை உடைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் பக்கவாட்டில் கிடந்தாள்.

இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. முதலில் கொடியை நட்டேன். பிறகுதான் அவளிடம் போனேன்.

அவள் கண் திறந்திருந்தது. கொடி இருந்த பக்கமாகவே திறந்திருந்தது. நான் நட்டதைப் பார்த்தாளா? பார்க்கும் நிலையில் இருந்தாளா? குனிந்து "ஆத்தா" என்றேன். மழை அவள் கண்ணுக்குள்ளேயே விழுந்தது. அவள் இமைக்கவில்லை.

அன்று இடப்பக்கத்தில் எழுதினேன்: "மாலை 4.10. வேட்டு. மூன்று கொடிகளும் நின்றன." வலப்பக்கத்தில்: "ஆறாம் குழி, நான்கு." வலப்பக்கம் உண்மை.

விசாரணைக்கு வந்த அதிகாரி இடப்பக்கத்தைப் படித்தார். கொடியை மீறி வந்ததால் நேர்ந்த சாவு என்று முடித்தார்.

எட்டாம் நாள் வீரணன் வந்தான். திரியில் நெருப்பு வைத்த கை அவனுடையதுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"ரைட்டரய்யா, எனக்கு எழுத்துத் தெரியாது. கொடி இருந்துச்சாய்யா?"

நான் நோட்டைத் திறந்து, விரல் வைத்து, அந்த வரியை வாசித்தேன். கேட்டுக்கொண்டே நின்றான்.

"கொடியக் கண்டா அவ வரமாட்டாய்யா. ஊருல எல்லாரும், திமிரெடுத்துப் போயிச் செத்தான்னு பேசுறாக. அவ அப்பிடி இல்லய்யா."

 மூலையில் சாத்தியிருந்த மூன்று கொடிகளையும் பார்த்தான். ஒன்றை எடுத்தான். கம்பின் அடியை விரலால் தடவி மோந்தான்.

"இதுல மட்டும் புங்கெண்ண வாட அடிக்குதே..."

"விளக்கு எண்ணெய் பட்டிருக்கும்" என்றேன்.

"பட்டிருக்கும்யா" என்றான். வைத்துவிட்டுப் போனான்.

மறுவாரம் மேஸ்திரியிடம் போய், இனி நெருப்பு வைக்கமாட்டேன், ஓடைப்பாதையில் கொடியோடு நிற்கும் வேலையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு வேட்டு நாளும், மேஸ்திரி என்னைக் கேட்பதற்கு முன்பே, ஓடையிலிருந்து அவன் குரல் வரும்.

"ரைட்டரய்யா! கொடி இருக்குதுய்யா! எழுதிக்கங்க!"

எழுதிக்கொண்டேன். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல... மூன்று வருடம்!

மலைமேல் திடலுக்கும் போனேன். ஆம், போனேன்! அங்கே குழிதோறும் சிவப்புக் கொடி. முதல் குழியில் பதினொன்று அடித்தேன். இரண்டாம் குழியில் மட்டை மேலே ஏறவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு மட்டையைத் தொடவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய தவசுகாலம்தோறும், சாமியாரிடம் பாவங்களை ஒப்புவிக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழந்தாளிடுகிறேன். கோபப்பட்டேன், செபத்தை மறந்தேன் என்கிறேன். சாமியார் பாவமன்னிப்புச் சொல்கிறார். எதற்கு மன்னிப்பு? நான் சொல்லாததற்கா?

அணை வேலை முடிந்துவிட்டது. கல்குழியை மூடிவிட்டார்கள். நான் ஊருக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. இன்று மாலை வீரணன் வந்தான். இருபது மைல் நடந்து வந்திருக்கிறான். தோளில் அந்தக் கொடி.

"ஸ்டோருல பழசெல்லாம் வேணாம்னுட்டாகய்யா. இங்கன வச்சுட்டுப் போறேன்."

"உள்ளே வா வீரணா. தண்ணி குடி."

"வேணாம்யா."

என் வாசற்படிக்கு நேரே, பாதை நடுவில், கல்லால் அடித்து அதை ஆழமாக நட்டான். என்னைப் பார்க்காமல் திரும்பி நடந்தான்.

பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு வந்தவள், கொடியைக் கண்டு தயங்கி, சுற்றிக்கொண்டு போனாள். இரண்டு முறை வெளியே போய்க் கம்பில் கை வைத்தேன். இரண்டு முறையும் கை தானாகக் கீழே வந்துவிட்டது.

நோட்டைத் திறந்தேன். இடப்பக்கத்தில் எழுதினேன்.

"மாலை 6.20. கொடி நிற்கிறது."