நுரை வராத பாட்டில்

அந்தப் பகுதியில் எல்லோரும் அவரை "இதோ அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார்கள். பிளம்பர். யார் போன் செய்தாலும் "இதோ வந்துட்டேன்" என்பார். அப்போது வேறொரு வீட்டில் சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு படுத்திருப்பார். சொன்ன நேரத்துக்குப் போனதில்லையே தவிர, போகாமல் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் தட்டிக்கழித்தது ஒரே ஒரு வீட்டு வேலையை. அது அவருடைய சொந்த வீடு.

அவர் மனைவி முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவர். ஊருக்கு அவர் டெய்லர் அக்கா. அண்ணன் மனைவி எப்படி அக்கா ஆவார் என்று யாரும் கேட்டதில்லை. அவரவர் தொழிலில் அவரவர் வாங்கிய பட்டம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டார். ஒரு நாள் காலையில் அந்த ஈரத்தில் கால் வழுக்கி, இரண்டு கைகளையும் ஊன்றி விழுந்தார். இரண்டு மணிக்கட்டும் முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு கூட்டிவந்து அக்காவைக் கட்டிலில் உட்காரவைத்த கையோடு, அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். ஒரு வாஷரை மாற்றுவது சின்ன வேலை. ஆனால் வெளியே வர வெகுநேரம் ஆனது. கண் சிவந்திருந்தது.

"துரு தெறிச்சிடுச்சா?" என்று கேட்டார் அக்கா.

"ஆமா."

அக்கா நம்பியதுபோல் தலையாட்டிக்கொண்டார்.

சமையல், துணி, சாப்பாடு ஊட்டிவிடுவது எல்லாம் அண்ணன் தலையில் விழுந்தது. உப்பு கூடக்குறைய இருந்தாலும் சமாளித்தார். சமாளிக்க முடியாதது அக்காவின் முடி. இடுப்பைத் தொடும் சுருட்டை முடி. அக்காவே அதைக் கழுவிக் காயவைத்துச் சிக்கெடுக்க அரை நாள் எடுத்துக்கொள்வார். படுத்துப் படுத்துப் பிடரியில் அது உருண்டு, பிரிக்க முடியாத ஒரு கட்டியாகிவிட்டது.

"வெட்டிடலாங்க. யாரு இதோட மல்லுக்கட்டறது?"

"வெட்டறதா? சும்மா இரு. நான் அலசிவிடறேன்."

தண்ணீர் கொண்டுவரும் விஷயத்தில் அவரிடம் குறை சொல்ல முடியாது. குழாயில் ஒரு நீள ஹோஸைப் பூட்டி, நுனியில் பூவாளி மாதிரி ஒரு மூடியை மாட்டி, நாற்காலியை வாளிப் பக்கம் சாய்த்து, கழுத்துக்குத் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்கையில் சூடு பார்த்து... எல்லாம் கச்சிதம். தலையில் கை வைத்ததும்தான் வினையே. கையில் ஒட்டிய கிரீஸைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தார். நுரை பொங்கப் பொங்க ஷாம்புவை ஊற்றினார். காய்ந்ததும் பார்த்தால் முடி துடைப்பமாக நின்றது. கட்டி முன்னைவிட இறுகியிருந்தது. சீப்பில் ஒரு பல் ஒடிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"கண்ணுல தண்ணி வருது, இல்லங்கிற."

சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவர் எழுந்து வெளியே போனார். இத்தனை வருஷத்தில் அவள் தலையைத் தொட்டதே இல்லை, முதல் தடவையே இப்படி நோகடித்துவிட்டோமே என்று அவருக்கு ஆறவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விஷயம் கேள்விப்பட்டு ஷாம்பு ஒன்றும் கண்டிஷனர் ஒன்றும் அனுப்பிவைத்தாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. "ஷாம்பு போட்டு அலசிட்டு அப்புறமா கண்டிஷனர்ப்பா" என்று போனில் சொல்லியிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மறுபடி நாற்காலியைச் சாய்த்தார். தண்ணீர் தெறிக்கும் என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

முதல் பாட்டிலை நனைந்த முடியில் பிழிந்து தேய்த்தார். நுரை வரவில்லை. இன்னும் கொஞ்சம் பிழிந்தார். ஊஹூம்.

"பழைய சரக்கை ஏமாத்தி வித்துட்டான் போல இருக்கு" என்று முணுமுணுத்தார்.

அந்த நேரம் போன் அடித்தது. யாரோ வீட்டில் தொட்டி நிரம்பி வழிகிறதாம். அண்ணன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார். விரல்கள் தம்பாட்டுக்கு முடிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தன. பேசும்போதே அவருக்குத் தெரிந்தது: அந்தக் கட்டிக்குள் ஒரு விரல் நுழைந்துவிட்டது. இழுக்கவில்லை, முரண்டவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. ஒரு சுருள் பிரிந்து கையோடு வந்தது.

"இன்னிக்கு வர முடியாதுங்க" என்றார். "வால்வை மூடி வையுங்க. நாளைக்குப் பார்க்கலாம்."

எதிர்முனைக் குரல் சந்தேகமாகக் கேட்டது: "இதோ அண்ணன்தானே பேசறது?"

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்காலியே ஆடியது. "அசையாத" என்று அதட்டிவிட்டு, அவர் ஒவ்வொரு சிக்காகப் பிரித்தார். நூல்கண்டில் முடிச்சு விழுந்தால் அக்கா எப்படிப் பொறுமையாக நுனியைத் தேடுவாரோ அப்படி. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தூங்கியே போனார்.

எல்லாம் பிரிந்த பிறகு அடுத்த பாட்டிலைப் பிழிந்தார். நுரை குப்பென்று வந்தது. கண்ணாடியை மாட்டிப் பாட்டில்களைப் பார்த்தார். போட்டது தலைகீழ்: முதலில் கண்டிஷனர், பிறகு ஷாம்பு. இனி என்ன செய்ய? மெதுவாக அலசித் துவட்டினார்.

சாயங்காலம் முடி காய்ந்தது. அக்காவால் தொட்டுப் பார்க்க முடியவில்லை. முடியை முன்னால் எடுத்துப் போடச் சொல்லிக் கன்னத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"என்னங்க பண்ணினீங்க? பஞ்சு மாதிரி இருக்கு. பிசுபிசுப்பும் இல்ல."

"தொழில் ரகசியம்."

ரகசியம் மகளிடம் அன்றே உடைந்தது. அவள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "வறண்ட முடிக்கு நிறையப் பேர் வேணும்னே அப்படித்தான்ப்பா செய்யறாங்க. முதல்ல கண்டிஷனர் போட்டா ஷாம்பு முடியை ரொம்ப உலர்த்தாது. மிச்சம் இருக்கற வழவழப்பையும் ஷாம்புவே எடுத்துடும்." அண்ணன் போனை அக்காவின் காதில் வைத்து, "நீயே கேளு" என்றார்.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் அது நடந்தது. ஒருமுறை ஆஸ்பத்திரி வராந்தாவில் எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தபோது, தோளில் கட்டுப் போட்ட ஒரு பெண் அக்காவின் முடியைப் பார்த்து, "கட்டோட எப்படி இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்க?" என்றாள். அக்கா தாடையால் கணவரைக் காட்டினார். அந்தப் பெண்ணின் கணவர், லாரி டிரைவர், அண்ணன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வேர்ல போடாதீங்க, நடுவிலேருந்து நுனி வரைக்கும்."

"நுரை வரலைன்னா?"

"வராது. பயப்படாதீங்க."

கட்டுப் பிரித்த பிறகும் அக்காவின் கை பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆயின. முதலில் ஊசியில் நூல் கோத்தார், பிறகு பொத்தான் தைத்தார், பிறகு மெஷின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எழுந்து பார்த்தபோது குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தம். அவர் கையில் துண்டோடு வாசலில் நின்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் என்னவோ போல இருந்தது. துண்டைக் கொடியில் போட்டுவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

அக்கா தலையை உதறிக்கொண்டு வந்தார். அண்ணனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சீப்பை நீட்டினார்.

"பின்னாடி எட்டலையா?" என்று கேட்டார் அண்ணன்.

"நல்லா எட்டுது," என்றார் அக்கா. "நீங்க வாரினா எனக்குப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

அண்ணன் நுனியிலிருந்து வார ஆரம்பித்தார்.