தும்பிக்கை வைத்த எழுத்து

பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டதும் நேராக என் வீட்டுக்குத்தான் வருவாள். அவள் அம்மா விடியுமுன்னே ஃபேக்டரி பஸ் ஏறினால் இருட்டும்போதுதான் திரும்புவாள். அதுவரை பிள்ளை என் பொறுப்பு. எனக்கு அவள் சொந்தமில்லை. பிள்ளை பார்த்துக்கொள்கிறவளை எங்கள் தோட்டக் குடியிருப்பில் ஆயா என்று கூப்பிடுவது வழக்கம். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள்.

வந்ததும் சோறு, பிறகு குளியல், அப்புறம் காற்றாடிக்குக் கீழே பாய் விரித்து வீட்டுப்பாடம். இது நான் போட்ட சட்டமில்லை, அவள் அம்மா போட்டது. முதலில் கணக்கு, பிறகு மலாய், கடைசியில் தமிழ். கணக்கிலும் மலாயிலும் எனக்கு வேலையில்லை. தமிழில் சொல்வதெழுதுதலுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவாள். டீச்சர் கொடுத்த சொற்களை நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவள் எழுதுவாள். அச்சில் இருப்பதை நான் நன்றாக வாசிப்பேன். ஆறாம் வகுப்பு வரை இந்தத் தோட்டத்துப் பள்ளியில்தான் படித்தேன். அதற்குப் பிறகு ரப்பர் மரத்தில் பால்வெட்டு. வாசிக்கிற பழக்கம் பத்திரிகையால் தங்கியது. எழுதுகிற வேலை எனக்கு வரவே இல்லை. கல்யாணப் பத்திரிகையின் உறைமேல் பெயர் எழுதக் கூப்பிட்டால் போவேன். இப்போது அதற்கும் யாரும் கூப்பிடுவதில்லை, எல்லாம் போனில் வந்துவிடுகிறது.

போன வருஷம் அவள் வகுப்பில் ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள். நாலு நாலு பேராகக் குழு. வீட்டைச் சுற்றிக் கிடைக்கிற இலைகளைச் சேர்த்து, காயவைத்து, மணிலா அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பெயரும் பயனும் எழுதவேண்டும். எந்தக் குழு நன்றாகச் செய்கிறதோ, அந்த அட்டையை எழுதிய பிள்ளை திங்கட்கிழமை காலையில் பள்ளியே கூடுகிற சபைகூடலில் மைக் முன்னால் நின்று பேசலாம். எங்கள் பிள்ளை அந்த மைக்குக்காகவே எழுதுகிற வேலையைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். குளியலறையில்கூட “மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே” என்று சத்தம் கேட்கும்.

“இலை பறிச்சவங்க பேசக்கூடாதா?” என்று கேட்டேன்.

“இல்ல ஆயா. எழுதினவங்கதான். அதுவும் சொந்தக் கையெழுத்தா இருக்கணும். கம்ப்யூட்டர்ல அடிச்சா மார்க் இல்லன்னு டீச்சர் சொல்லிட்டாங்க.”

குழுவில் நாலு பேர் என்றாலும் இலையெல்லாம் அவள்தான் சேர்த்தாள். என் வீட்டு வேலியில் வெற்றிலை, கறிவேப்பிலை, கோயில் பக்கம் துளசி, மலாய்க்காரர் வீட்டில் கேட்டு வாங்கிய, சோற்றுக்கு மணம் போடுகிற பாண்டான் இலை, ஒதுக்குப்புறத்தில் தப்பி நிற்கிற ஒரே ரப்பர் மரத்திலிருந்து மூன்று இலைக் கொத்து. பத்திரிகைக்குள் வைத்து, மேலே அம்மிக்குழவியைப் படுக்கப் போட்டு அழுத்தினாள். அதில் யார் கையும் படவில்லை.

எழுதப் போனபோதுதான் வம்பு. அவள் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். தலைப்பு எழுதும்போதே கோடு சரிந்து, கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் அட்டை ஓரத்தில் மடங்கிப் போனது. அந்த அட்டை வீண். இன்னும் ஒன்றுதான் மிச்சம். பகாவ் டவுனுக்குப் போனால்தான் அட்டை கிடைக்கும், மறுநாள் காலையில் ஒப்படைக்கவேண்டும். மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“ஆயா, நீங்க எழுதிக் குடுங்க லா. உங்க எழுத்து அழகு. அம்மாவே சொல்லியிருக்காங்க.”

“டீச்சர் சொந்தக் கையெழுத்துன்னு சொன்னாங்களேம்மா?”

“அது கம்ப்யூட்டருக்குச் சொன்னது. நீங்க கம்ப்யூட்டரா?”

சிரித்துவிட்டேன். அங்கேதான் விழுந்தேன். பிள்ளையின் கண்ணீருக்காக எழுதினேன் என்று சொன்னால் பாதி உண்மைதான். என் எழுத்து அழகு என்று ஒருவர் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! பென்சிலால் மெல்லக் கோடு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். தலைப்பு, ‘இலைகளின் வகைகள்’. அதற்குக் கீழே வெற்றிலை, கறிவேப்பிலை, துளசி இலை என்று வரிசையாக, அவள் குறித்துவைத்திருந்த பயன்களோடு. எழுதி முடித்ததும் எழுந்து நின்று தூரத்திலிருந்து பார்த்தேன். பிள்ளையும் பார்த்தாள். “சூப்பர் ஆயா” என்று அப்படியே சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். அழகைப் பார்த்தோமே தவிர, இரண்டு பேருக்கும் வேறொன்றும் கண்ணில் படவில்லை.

நாங்கள் படித்த காலத்தில் லை என்ற எழுத்துக்கு இப்போதுபோல முன்னால் தனியாகக் கொம்பு போடமாட்டோம். ல என்ற எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி வைத்து எழுதுவோம். ணை, ளை, னை எல்லாம் அப்படித்தான். பிறகு எழுத்தை மாற்றிவிட்டார்கள். அச்சில் புது எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிக்கொண்டது. கைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை. இதை எழுதும்போதும் ஒவ்வொரு லைக்கும் நின்று யோசித்துத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு நிற்கவில்லை. அட்டை முழுக்க இலை, இலை, இலை. ஒன்று விடாமல் எல்லாம் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கின்றன.

மறுநாள் பள்ளி வேன் வந்தது. பிள்ளை இறங்கி, பையை என் காலடியில் போட்டாள்.

“என்ன எழுதிக் குடுத்தீங்க ஆயா?”

எனக்குப் புரியவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னதைச் சேர்த்து வைத்துத்தான் நடந்தது தெரிந்தது. அட்டையை விரித்ததும் குழுப் பிள்ளைகளே, “ஏய், லைக்கு மூக்கு முளைச்சிருக்குடி!” என்று கத்தியிருக்கிறார்கள். வகுப்பே கூடிவிட்டது. டீச்சர் வந்து கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தாராம்.

“யாரு எழுதினது?”

“நான்தான் டீச்சர்.”

“அப்படியா? போர்டுக்கு வா. ‘இலை’ன்னு எழுது.”

எழுதியிருக்கிறாள். இந்தக் காலத்து லை. கொம்பு முன்னால், ல பின்னால், கோழி கிளறினது மாதிரி. பின்வரிசையிலிருந்து ஒருவன், “டீச்சர், ராத்திரியோட ராத்திரியா தும்பிக்கை உதிர்ந்துபோச்சு!” என்று சொல்ல, அதற்குமேல் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“தப்பா எழுதிட்டீங்க” என்றாள் பிள்ளை.

“தப்பு இல்லம்மா. அது எங்க காலத்து...”

“எல்லாரும் சிரிச்சாங்க ஆயா!”

அவள் தன் வாயால் பொய் சொன்னாள். அதை என் கையெழுத்து காட்டிக்கொடுத்தது. பத்து வயதுப் பிள்ளை எழுதவே முடியாத எழுத்தை எழுதி, அதை அவளுடையது என்று சொல்ல அனுப்பியிருக்கிறேன். கோணல் மாணலாக அவளையே எழுதவிட்டிருந்தால் பிடிபட்டிருக்கமாட்டாள். அழகாக எழுதவேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன்.

அவள் அம்மாவுக்கு டீச்சர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். வந்து பார்க்கவேண்டும் என்றும், அதுவரை அந்தக் குழுவுக்கு மார்க் போடமாட்டேன் என்றும். இருட்டியதும் அவள் அம்மா என் வாசலில் நின்று அதைப் போட்டுக் காட்டினாள். மகளை ஒரு பிடி பிடித்தாள். என் பக்கம் திரும்பியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பெரியம்மா, உங்கள ஒண்ணும் சொல்லல. ஆனா எழுதிக் குடுத்ததுதான் குடுத்தீங்க, அவ எழுத்து மாதிரி கிறுக்கி வச்சிருக்கக்கூடாதா?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். சிரிக்கவும் செய்தாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“லீவு கேட்டா சம்பளத்துல வெட்டுவான். என்னைக்குப் போறதுன்னு தெரியல” என்றாள்.

“நான் போறேன்.”

சொன்னபிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. கோயில் திருவிழாவில்கூட ஆண்கள் பக்கம் போய் பிரசாதம் வாங்கத் தயங்குகிறவள் நான்.

பிள்ளையுடனே வேனில் போனேன். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டியிருந்தேன். வேன்காரத் தம்பி கண்ணாடியில் பார்த்து, “என்ன ஆயா, விட்ட படிப்பைத் தொடரப் போறீங்களா?” என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேனை விட்டு இறங்கியதும் எனக்கு முன்னால் வேகமாக நடந்து, மற்றப் பிள்ளைகளோடு கலந்துவிட்டாள். யாரோ ஒரு சிறுமி, “இவங்கதான் தும்பிக்கை ஆயாவா?” என்று அவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“எனக்குத் தெரியாது” என்றாள்.

அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

டீச்சர் சின்ன வயசு. நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்கம்மா” என்றார். நின்றுகொண்டே இருந்தேன். வேனில் வரும்போது மனசுக்குள் அடுக்கி வைத்த பேச்செல்லாம் போய்விட்டது.

“அந்த எழுத்து என்னோடதுங்க டீச்சர். புள்ளைய விட்டுருங்க. குத்தம் என்னுது.”

“பழைய எழுத்துன்னு எனக்கும் தெரியும்மா. எழுத்துல குத்தமில்ல. யாரு எழுதினதுன்னு கேட்டப்ப, நான்தான்னு கண்ணைப் பார்த்துச் சொன்னா பாருங்க, அதுதான் எனக்கு வருத்தம்.”

“நான் எழுதாம இருந்திருந்தா சொல்லியிருக்கமாட்டா.”

“எழுத்தைத் தவிர வேற என்ன செஞ்சீங்க?” என்றார்.

“ஒண்ணும் செய்யலைங்க. இலை தேடினது, காயவச்சது, பயனைக் கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதிவச்சது எல்லாம் அவ. வேலியில பறிக்கறப்ப கைகூட கீறிக்கிட்டா. அட்டையில எழுதினது மட்டும் நான்.”

இதைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். டீச்சர், “சரிம்மா. புது அட்டையில அவளே எழுதிக்கிட்டு வரட்டும். மார்க் போடுறேன். சபைகூடல்ல பேசறது மட்டும் இந்தத் தடவை வேற குழு. அதை மாத்த முடியாது. மத்தப் பிள்ளைங்களும் பார்த்துக்கிட்டு இருக்காங்க இல்லையா?” என்றார்.

அது நியாயம்தான். இன்னொன்றும் கேட்டார்: ஒரு நாள் வகுப்புக்கு வந்து அந்தப் பழைய எழுத்தைப் போர்டில் எழுதிக் காட்டமுடியுமா என்று. நல்ல மனசோடுதான் கேட்டார். எனக்கு அந்தப் பின்வரிசைப் பையனின் சிரிப்புதான் காதில் கேட்டது. “ஐயோ, வேணாங்க டீச்சர்” என்று சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வேன் பள்ளி விட்டுத்தான் திரும்பும். அதுவரை ரோட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா பகாவிலிருந்து அட்டை வாங்கி வந்தாள். பிள்ளை என் வீட்டுப் பாயில்தான் உட்கார்ந்து எழுதினாள். சபைகூடல் இல்லை என்று தெரிந்த பிறகு அவள் என்னிடம் பேசுவதே குறைந்திருந்தது. மைக் போனதற்கு என்னிடம் என்ன ஆறுதல் இருக்கிறது? இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோடு சரிந்தது. ‘வகைகள்’ என்பதில் கடைசி ள் ஓரத்தில் போய் இடித்துக்கொண்டது. என் விரல் தானாக அசைந்தது. அதை மடிக்குள்ளேயே அழுத்திக்கொண்டேன்.

பாதியில் நிமிர்ந்தாள்.

“கறிவேப்பிலைக்குச் சின்ன ரவா, பெரிய றவா?”

நாங்கள் எல்லாரும் கருவேப்பில என்றுதான் சொல்வோம். அன்றைக்கு நான் எழுதியதுகூட கறிவேப்பிலைப் பொடிப் புட்டியின்மேல் இருந்ததைப் பார்த்து எழுதியதுதான்.

“எனக்குத் தெரியாதும்மா. புத்தகத்தில பாரு.”

“தெரியாதா?” என்று ஒரு முறை பார்த்துவிட்டு, அவளே எடுத்துப் பார்த்து எழுதினாள். எழுதி முடித்து, காய்ந்த இலைகளை ஒட்டி, அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். வரிகள் எல்லாம் மேட்டிலிருந்து இறங்கி வருவதுபோல் சரிந்திருந்தன.

“நல்லா இருக்கா ஆயா?”

“உன் எழுத்து மாதிரியே இருக்கு” என்றேன்.

அது பாராட்டா, கிண்டலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து, சிதறிக் கிடந்த இலைத் தூளைப் பாயிலிருந்து கூட்டி எடுத்தேன்.