கீழ் வீட்டுக்குக் கேட்ட பகாசனம்

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, சிங்கப்பூரில் பொங்கோல் அடுக்குமாடி வீட்டில் நானும் தொலைக்காட்சியும்தான். கனடாவில் இருக்கும் மகள், "ஏதாவது கிளாஸ்ல சேருங்கப்பா" என்று நச்சரித்ததால் லிட்டில் இந்தியாவில் ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். அங்கே ஒரு நாள் ஆசிரியை பகாசனத்தைக் காட்டினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கால்களை மேற்கைகளில் ஏற்றி, பாதங்களைத் தூக்கிவிட வேண்டும்.

"இது கொக்கு, அங்கிள். கொக்கு பொறுமையா காத்திருக்கும் இல்லையா, அந்தப் பொறுமைதான் இந்த ஆசனம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. கொக்கு ஒற்றைக் காலிலாவது நிற்கும். இதில் அதுவும் கிடையாது. காத்திருக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. ஆனாலும் வீம்புக்கு வீட்டில் மாலைதோறும் முயன்றேன். பாதத்தைத் தூக்கினால் தலை முன்னால் போகும்; தொப்பென்று விழுவேன்.

ஒரு வாரத்துக்குள் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டு பாய். தேக்காவில் துணிக்கடை வைத்திருந்தவர். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று அவர் வீடு எப்போதும் கலகலப்பாக இருக்கும்.

"என்ன தம்பி, மேல என்னத்தப் போட்டு உடைக்கிறீங்க? எங்க ஹால் லைட்டே ஆடுது லா."

செய்து காட்டினேன். அவர் கண்ணெதிரிலேயே மூக்கு தரையில் இடித்தது. "இந்த வயசுல இது தேவையா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். வெகுநாளைக்குப் பிறகு அன்று இரண்டு கோப்பைகள் கழுவினேன்.

அதன் பின் சத்தம் கேட்டால் ஏறி வருவார். "அடி படலியே?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். அந்தக் கதவுத் தட்டலுக்காகத்தான் நான் பயிற்சி செய்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு மாலை பாதங்கள் எழும்பி அப்படியே நின்றன. மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது; சந்தோஷமாகவும் இருந்தது. மெல்ல இறங்கி நிமிர்ந்தேன். "பாத்தியா?" என்று சொல்ல ஆளில்லை. விழாததால் பாயும் வரவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் தனிமை பொறுக்காமல், முழங்கால் கன்றிப்போகும் அளவுக்கு வேண்டுமென்றே விழுந்தேன். கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றியது.

காலையில் லிஃப்டில் பாயைப் பார்த்தேன். முகம் மலரச் சொன்னார்: "நேத்து சத்தம் கேட்டுச்சு தம்பி. போய்ப் பாருங்க மாமான்னு மருமக கூட சொல்லுச்சு. தம்பி யோகா பண்றாரு, சும்மா சும்மா போய்த் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுட்டேன். எங்களுக்கும் பழகிப்போச்சு லா. இனிமே நீங்க தாராளமா விழுங்க."

"நன்றி பாய்" என்றேன். இனி நான் நிஜமாகவே விழுந்து கிடந்தாலும், மேலே தம்பி யோகா செய்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.