செல்லையா சாரும் மறதிக்கார லிஃப்டும்

செல்லையா சார் காலமான செய்தி காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் வந்தது. அவர் மகள் உமா பேசினாள். "ஆன்ட்டி, அப்பா போயிட்டாங்க. நீங்க இறங்க வேண்டாம், லிஃப்ட் இல்ல." அவர் வீடு தரைத்தளம், என்னுடையது ஐந்தாம் மாடி. பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டார்கள், புதியது இன்னும் பொருத்தவில்லை. என் முழங்கால்கள் அத்தனை படிகளுக்குச் சம்மதிக்காது. பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி அவரை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தேன். மேலிருந்து முகம் தெரியவில்லை.

நம் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லோதி ரோடு அலுவலகம் ஒன்றில் பழைய கணினிகளையும் அளவுக் கருவிகளையும் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருட டெல்லி வாழ்க்கை அவருடைய திருநெல்வேலிப் பேச்சில் 'சரி' என்பதற்கு ஒரு இந்தி 'அச்சா'வை மட்டுமே சேர்த்திருந்தது. ஆனால் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு கோடைக்கு முன்பு நம் லிஃப்ட் தான் எந்த மாடியில் இருக்கிறோம் என்பதையே மறக்கத் தொடங்கியது. இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று, கதவைத் திறந்து சுவரைக் காட்டும். கம்பெனிக்காரர்கள் வந்து, பழைய எலெக்ட்ரானிக் போர்டு, உதிரி பாகம் கிடைக்காது என்று சொல்லிப் போனார்கள். செல்லையா சார் காவலாளியிடம் சாவி வாங்கி, ஒரு பள்ளிக்கூட நோட்டோடு மொட்டைமாடியிலுள்ள மோட்டார் அறைக்கு ஏறினார்.

"ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். ரெண்ட மாத்தினா எது குத்தவாளின்னு தெரியாது" என்பார். முதலில் போர்டின் செம்புப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தார். ஒரு வாரம் காத்திருந்தார். பிறகு நேரு பிளேஸ் கணினிக் கடைகளில் அலைந்து நினைவுச் சில்லு ஒன்றை வாங்கி வந்து மாற்றினார். மறுபடியும் ஒரு வாரம். லிஃப்ட் மறந்துகொண்டுதான் இருந்தது. "பாவம், சில்லு மேல அநியாயமாச் சந்தேகப்பட்டுட்டேன்" என்று அதற்காக நிஜமாகவே வருத்தப்பட்டார்.

கடைசியில் நோட்டுதான் வழி காட்டியது. லிஃப்ட் தடுமாறியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மின்சாரம் நின்றால் போர்டின் நினைவை ஒரு சிறு பேட்டரி தாங்குகிறது. வழக்கமான மின்வெட்டில் ஒரு நிமிடத்தில் ஜெனரேட்டர் வந்துவிடும். கிழடான பேட்டரி ஒரு நிமிடம் தாங்கும், மணிக்கணக்கில் தாங்காது. அப்படியென்றால் ஞாயிறு மதியம் யாரோ லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைக்கிறார்கள். மோட்டார் அறைச் சாவி இருந்தது இரண்டு பேரிடம்: காவலாளி, நான்.

பேட்டரியை மாற்றுமுன் அதை உறுதிசெய்துகொள்ள அவர் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"தப்பா நெனைக்காதியம்மா. ஞாயித்துக்கெழம மதியம் மெயின அணைக்கியளா?"

"நானா? நான் ஏன் அதைத் தொடப் போறேன்?"

"சரிம்மா" என்று சொல்லி இறங்கிப் போனார்.

அணைத்தது நான்தான். ஆளில்லாத அறையில் விசிறி ஓடக் கூடாது என்று கான்வென்டில் சிஸ்டர்கள் வளர்த்த பெண் நான். என் கணவர் செயலாளராக இருந்த நாளிலிருந்து அந்தச் சாவி என்னிடம் இருக்கிறது. கட்டடமே தூங்கும் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை மோட்டாருக்கு ஓய்வு கொடுப்பதை நல்ல நிர்வாகம் என்று பெருமையாக நினைத்திருந்தேன். எல்லோரையும் தட்டிக் கேட்கிறவள், தவறு செய்தேன் என்று வாசலில் நின்று எப்படிச் சொல்வது?

நிறுத்தினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அடுத்த ஞாயிறும் அணைத்தேன். நான்கு மணிக்கு மெயினைப் போட்டுவிட்டு, சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேராக லிஃப்டில் ஏறினேன். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நின்றுவிட்டது. கதவு விரல்கடை அளவு திறந்தது. அதற்குப் பின்னால் சுவர், மேலே ஒரு கோடு வெளிச்சம். அலாரம் கேட்டு ஏறிவந்த செல்லையா சாரின் குரல் அந்தக் கோட்டின் வழியே வந்தது.

"என்ன நம்பர் காட்டுதும்மா?"

"ஏழு."

"நம்ம கட்டடத்துல அஞ்சுதான். ஒங்களுக்குன்னு ரெண்டு மாடி கூடுதலாக் கட்டியிருக்கு போல." நான் சிரிக்கவில்லை. "அதுக்கு எடம் தெரியல. தெரியலன்னு சொல்லவும் தெரியாது. அதான் ஏதோ ஒரு நம்பர அடிச்சு விடுது."

மோட்டார் அறைக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் லிஃப்ட் இறங்கிவிடும். காவலாளி சாவியோடு எங்கோ போயிருந்தான். அவனைத் தேடினார்கள். என் சாவி என் கையில்தான் இருந்தது. அதை நீட்டினால், எங்கிருந்து வருகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நாற்பது நிமிடம் புடவை நனைய வியர்த்தபடி அந்தப் பெட்டிக்குள் நின்றேன். அவர் படியில் உட்கார்ந்து, "ஆளு வந்துருவாம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூச்சு முட்டியபோது எக்கி, இடுக்கு வழியாகச் சாவியைக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டார். "அச்சா" என்றார். பிறகு படியேறும் காலடி கேட்டது.

மறுநாள் அவர் பேட்டரியை மாற்றினார். நானும் மெயினைத் தொடுவதை விட்டேன். லிஃப்ட் அதன்பிறகு மறக்கவில்லை. ஆனால் நான் மாட்டிக்கொண்டதைப் பேசக் கமிட்டி கூடியது. "அங்கிள்ஜி நே ஹாத் லகாயா, இஸீலியே கராப் ஹுவா" என்றார் செயலாளர்; அவர் கை வைத்ததால்தான் கெட்டுப்போனதாம். நம்மவர் ஒருவரே, "செல்லையா, ரிட்டயர் ஆனா பேப்பர் படிக்கணும்யா, போர்டைத் திறக்கக் கூடாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "இனிமே தொடலங்க" என்றார் அவர். நான் முன்வரிசையில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. 'அங்கிள் கையை எடுத்தார், லிஃப்ட் பிழைத்தது' என்பது அதற்குப் பிறகு நம் கட்டடத்தின் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. அவர் இறக்கும்வரை நான் அதைத் திருத்தவில்லை. பார்க்கும்போதெல்லாம் அவர், "சாப்பிட்டியளாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இதை அவர் வீட்டுக்கு இறங்கிப் போய், உமாவின் எதிரில் சொல்லியிருக்க வேண்டும். படிகள் விடவில்லை என்பது பாதி உண்மைதான். லிஃப்ட் ஓடிய இரண்டு வருடமும் நான் சொல்லவில்லையே. என்னைக் காட்டிக்கொடுக்காத அவருடைய மௌனம்தான் எனக்கு அவர் விட்டுப்போனது. அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது எளிதாக இல்லை.

இன்று காலை ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு தாள் எழுதி, கமிட்டிப் பலகையில் ஒட்டக் காவலாளியிடம் கொடுத்தனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்டின் மெயினை அணைத்தவள் நான், பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர் செல்லையா என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் வீட்டு எண்ணையும் போட்டிருக்கிறேன்.